முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்

22.1.2025
கிணத்துத்தோட்டம், ஊத்துக்குளி பக்கம்

மாப்பிள்ளை பிரதீப்புக்கு, மச்சான் தங்கதுரை எழுதிக்கறது. இங்க நான், அம்மா, தங்கச்சி வினிதா, உங்க பாப்பா தேஜு, ஆறு எருமை, எல்லாரும் சுகமுங்க. அங்க நீங்களும் வேலாத்தா அத்தையும் எப்படி இருக்கறீங்க? அத்தைக்கு முட்டிவலி தேவலைங்களா?

என்னடா இந்தக் காலத்துல ஒருத்தன் காயிதம் எழுதறானேன்னு நெனைப்பீங்க. போன்ல பேசுனா ரெக்கார்டு ஆகும்னு எங்க வக்கீலம்மா சொல்றாங்க. உங்க வக்கீலும் அதையேதான் சொல்லியிருப்பாரு. பேசுன பேச்சை வெட்டி, முன்னுக்குப் பின்னா ஒட்டி, நான் ஆளையே வெட்டுவேன்னு சொன்னாப்புல ஆக்கிப்போடலாமாம். காயிதம்னா என்ற கையெழுத்து. நாலாப்பு வாத்தியார் அடிச்சு வளைச்ச எழுத்து. அதை எவனும் வெட்டி ஒட்ட முடியாது.

கோர்ட்டு சொன்னபடிதான் நாங்க நடக்கறோம். டைவர்ஸ் கேஸ் முடியற வரைக்கும் பாப்பா அவங்கம்மாகிட்ட. மாசத்துல மொத ஞாயிறும் மூணாவது ஞாயிறும் காத்தால பத்துல இருந்து பொழுதோட அஞ்சு வரைக்கும் அப்பாகிட்ட. ஊத்துக்குளி ஸ்டேஷன் வாசல்ல நான் உடறேன், நீங்க கூட்டிட்டுப் போயி அங்கயே கொண்டாந்து உடறீங்க. மொத நாள் நாம ரெண்டு பேரும் வாய்த்தகராறு பண்ணுனதுக்கப்பறம், வக்கீலுங்க சொன்னாங்கன்னு நான் டீக்கடை ஓரமும் நீங்க டிக்கெட் கவுண்டர் ஓரமும் நின்னுக்கறோம். பேச்சுக் கெடையாது. ஆளுக்கொரு போன்ல வீடியோ எடுத்துக்கறோம். அது வரைக்கும் செரி.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பாப்பா போறப்ப மஞ்சப் பாவாடை. வர்றப்ப ஊதா கவுன். அதுக்கு முந்தித் தடவையும் ஒரு உடுப்புல போயி வேற உடுப்புல வந்தா. அதுக்கு முந்தியும் அப்படியே. போன உடுப்பு மூணும் ஊடு திரும்பல.

எங்கூர் மோகன்ராஜு கதை உங்களுக்குத் தெரியுமா? கோழி காணாமப் போகுதுன்னு கேமரா வெச்சான். கீரிப்புள்ளையா, பக்கத்துத் தோட்டத்துக்காரனான்னு மூணு நாள் உக்காந்து பாத்தா, அவன் பொண்டாட்டிதானுங்க அவங்கம்மா ஊட்டுக்குக் கோழியைக் கொடுத்து உடறா. கோழியும் போச்சு, கேமரா வெச்சதுக்குக் கோவிச்சுட்டுப் பொண்டாட்டியும் போயிட்டா. அதனால ஒளிஞ்சு பாக்காம நேராவே கேக்கறேன். உடுப்பெல்லாம் எங்கீங்க?

பதில் போடுங்க. அத்தையைக் கேட்டதாச் சொல்லுங்க.

தங்கதுரை


30.1.2025
அருள்புரம்

அன்புள்ள மச்சானுக்கு, பிரதீப் வணக்கம். நானும் அம்மாவும் நலம். அம்மா மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

உடுப்புகள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தடவை ஜூஸ் கொட்டிவிட்டது, ஒரு தடவை சேறு. நான் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு அனுப்புகிற மாதிரி உடுப்பைத் தைக்கிறவனுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு கவுன் தைப்பது பெரிய வேலையில்லை. பழையதைத் துவைத்துத் தருகிறேன்.

ஒரு வேண்டுகோள். காலையில் அவளைச் சீக்கிரமே கூட்டி வந்து நிற்க வைக்க வேண்டாம். சரியாகப் பத்து மணிக்கு வந்தால் போதும்.

வேறொன்றுமில்லை. அத்தையின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதீப்


13.2.2025
கிணத்துத்தோட்டம்

மாப்பிள்ளைக்கு, தங்கதுரை. நாங்க சுகம், ஒரு எருமைக்கு மட்டும் மடி வீக்கம். நீங்க சுகந்தானுங்களே?

உங்க காயிதத்தை நாலு தடவை படிச்சேன். படிக்கப் படிக்கச் சந்தேகந்தான் பெருகுது. ரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழமையும் உடுப்பு மாறி வந்துச்சு. ஜூஸு ஒவ்வொரு தடவையுமா கொட்டும்? துவைச்சுத் தர்றேன்னீங்க, தரலையே?

எங்கப்பன் ஊடு ஊடாப் போயி வெண்ணெய் வாங்கி வித்தவரு. எங்க பாட்டன் காலத்துத் தராசு இன்னும் அட்டாலிப் பரண் மேல கெடக்குது. ஒரு தட்டு ஒரு பக்கம் சாயும், அதை வெச்சே நாலு ஊரை ஏமாத்துனாருன்னு பேரு, அது கெடக்கட்டும். எங்கப்பன் சொல்லுவாரு, "வெண்ணெய் இருக்கற தூக்குப்போசி மூடி அழுக்கா இருந்தாப் பயப்படாதே. பளபளன்னு தொடைச்சு வெச்சிருந்தா மூடியத் தொறந்து பாரு"ன்னு. உங்க காயிதம் தொடைச்ச மூடியாட்ட இருக்குதுங்க.

ஊட்ல பேசிக்கறதைச் சொல்லிப்போடறேன். அம்மா சொல்றாங்க, உடுத்துன துணி கெடைச்சா செய்வினை வெக்கலாம்னு. நான் அதை நம்பல. நம்பலைன்னாலும், சாமியாடிகிட்ட எழுதி வாங்குன தாயத்துப் பாப்பா இடுப்புல ஏறிருச்சு. வக்கீலம்மா வேற மாதிரி சொல்றாங்க. கிழிஞ்ச உடுப்புல அனுப்பறாங்க, தாய் கவனிக்கறதில்லைன்னு கோர்ட்டுல காட்டறதுக்கு நீங்க துணியைச் சேத்து வெக்கறீங்களாம். அதனால இனி ஒவ்வொரு ஞாயிறும் பாப்பா கெளம்பறப்ப நான் போட்டோ எடுக்கறேன். எந்த உடுப்பு, எந்தப் பொத்தான், எல்லாம்.

இன்னொண்ணு. நீங்க தெச்சு அனுப்பறது ஊதா, கருப்பு, அரக்கு. ஆறு வயசுப் புள்ளைக்கு எவனாச்சும் கருப்புக் கவுன் தெப்பானா? அந்தக் கம்பெனியில வேற நெறத் துணியே இல்லைங்களா?

தங்கதுரை


5.3.2025
அருள்புரம்

அன்புள்ள மச்சானுக்கு, பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அம்மாவும் நானும் நலம். எருமைக்கு வீக்கம் வடிந்ததா?

செய்வினையும் இல்லை, கோர்ட்டுக்குச் சேர்த்து வைப்பதும் இல்லை. வினிதா நன்றாகத்தான் உடுத்தி அனுப்புகிறாள். வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கையில் கிடைத்த துணியில் தைத்தேன், அவ்வளவுதான்.

நானும் சில விஷயங்கள் கேட்க வேண்டும். தேஜு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறாளா? இங்கே வருகிற அன்று மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே வேண்டாம் என்கிறாள். வீட்டில் நன்றாகத் தூங்குகிறாளா? டீச்சர் ஏதாவது சொன்னாரா?

இதை நான் கேட்டேன் என்று வினிதாவிடம் சொல்ல வேண்டாம்.

பிரதீப்


19.3.2025
கிணத்துத்தோட்டம்

பிரதீப்புக்கு,

இந்தத் தடவை சுகம் கேக்கல. மாப்பிள்ளைன்னும் எழுதல. என்னான்னு நீயே தெரிஞ்சுக்குவே.

முந்தாநேத்து பாப்பாவை எருமை மேல உக்கார வெச்சுக் குட்டைக்கு ஓட்டிட்டுப் போனேன். எருமை மேல உக்காந்தா அவ ராணியாட்டப் பேசுவா. பள்ளிக்கோடத்துல எவன் பென்சிலை எவன் தின்னான்னு எல்லாம் சொன்னா. அந்தப் பேச்சோட பேச்சாக் கேட்டேன். "அம்மிணி, அப்பா ஊட்டுல உடுப்பை ஏன் கண்ணு மாத்தறீங்க?"

பாவாடை நுனியை முறுக்கிட்டு, எருமை தண்ணி குடிக்கறதையே பாத்தா. அப்பறம் சொன்னா, "அப்பா சொல்லக் கூடாதுன்னுச்சு, மாமா."

அப்பன் புள்ளைகிட்ட, அதுவும் பொட்டப்புள்ளைகிட்ட, உடுப்பு மாத்தறதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கறான். இதைப் போயி வக்கீலம்மாகிட்டச் சொன்னேன். அவங்க பேனாவை மேசையில வெச்சுட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. அந்த வார்த்தையை நான் காயிதத்துல எழுத மாட்டேன். ஊட்டுக்கு வந்தும் யாருகிட்டயும் சொல்லல.

வர்ற மாசம் ஒம்பதாந்தேதி வாய்தா. உன்னைப் பாக்கறதையே நிறுத்தோணும்னு மனு எழுதி வெச்சிருக்கறாங்க. உடுப்பு மாறுனதை நேர்ல பாத்தவன் நான். என்ற கையெழுத்துப் போட்டாத்தான் மனு நிக்குமாம். போட்டுட்டன்னா அப்பறம் உன்ற புள்ளையை நீ எப்பப் பாப்பேன்னு அந்த ஜட்ஜுக்கும் தெரியாது.

உன்னை எனக்குப் பத்து வருசமாத் தெரியும். அதனால ஒரே ஒரு தடவை கேக்கறேன். என்ன பண்ணுனே?

தங்கதுரை


24.3.2025
அருள்புரம்

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. கம்பெனிக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட வார்த்தை எனக்குப் புரிகிறது. உங்கள் மேல் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், நேரில் வந்திருப்பேன்.

தேஜு உடுப்பை நனைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

பகலெல்லாம் நன்றாக இருக்கிறாள். நாலு மணிக்கு நான் வண்டிச் சாவியை எடுத்ததும் பேச்சு நின்றுவிடும். ஸ்டேஷன் ரோட்டில் திரும்பும்போது நனைத்துவிடுவாள். டிசம்பரில் முதல் தடவை வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, பெட்ரோல் ஒழுகுதுப்பா" என்றாள். நானும், "ஆமாங்கண்ணு, டேங்க் ஓட்டை" என்றேன். பக்கத்தில் ஒரு கடையில் கிடைத்த உடுப்பை வாங்கி மாற்றிவிட்டேன். அடுத்த தடவை அவள் பெட்ரோல் என்று சொல்லவில்லை. அழுதாள். "அம்மாகிட்டச் சொல்லாதே, மாமாகிட்டச் சொல்லாதே" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம் என்றேன். ஆக அந்த வார்த்தையை நான் சொன்னது உண்மை.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு உடுப்பு தைத்து எடுத்து வருகிறேன். மறுபடி நனைந்தாலும் தெரியக் கூடாது என்றுதான் கருப்பும் ஊதாவும். ஈரத் துணியைப் பையில் வைத்து அனுப்பினால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். ஏழு உடுப்பும் துவைத்து மடித்து என் பீரோவில் இருக்கின்றன.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் கோர்ட்டில் எப்படி எழுதுவார்கள்? அப்பனைக் கண்டு பிள்ளை பயந்து நனைக்கிறாள் என்று எழுதுவார்கள். மாதத்தில் பதினாலு மணி நேரம்தான் எனக்கு இருக்கிறது. அதுவும் போய்விடும்.

இனி உங்கள் இஷ்டம்.

பிரதீப்


28.3.2025
கிணத்துத்தோட்டம்

பிரதீப்புக்குத் தங்கதுரை.

படிச்சேன். பாதி நம்பறேன், பாதி நம்பல. பாப்பாவுக்கு அந்தப் பழக்கம் மூணு வயசுலயே நின்னுபோச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தப்பவும் இல்ல, இங்க வந்ததுல இருந்து எங்கூட்டுல ஒரு நாளும் இல்ல. பாயி நனைஞ்சுதுன்னு ஒரு பேச்சு எங்காதுல உழுகல. உன்ற வண்டியில ஏறுனா மட்டும் நனையுதுன்னா, அது எதைக் காட்டுது? நீயே எழுதியிருக்கறயே, பயம்னு.

நீ எழுதுனது நெசம்னாலும் எங்க மனுவுக்குத்தான் பலம். ஆறாந்தேதி ஞாயிறு வழக்கம்போலக் கூட்டியாறேன். அதுக்குள்ள இந்தக் காயிதத்தை வக்கீலம்மாகிட்டக் காட்டறதா வேண்டாமான்னு ரோசனை பண்ணறேன்.

தங்கதுரை


7.4.2025
கிணத்துத்தோட்டம்

மாப்பிள்ளைக்கு, தங்கதுரை எழுதிக்கறது. அத்தைக்கு முட்டி எப்படி இருக்குது? நொச்சித்தழை வேக வெச்சு ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க. எங்கம்மா ஒரு தடவை நொச்சின்னு நெனைச்சு வேற தழையை வெச்சுக் கட்டிக் கால் பழுத்துப்போச்சு, அதனால பாத்துப் பறிக்கச் சொல்லுங்க.

நேத்துச் சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிட்டு வந்தப்பறம், வக்கீலம்மாவுக்கு அனுப்பறதுக்காகப் போனைத் தொறந்து போட்டோவெல்லாம் வரிசையாப் பாத்தேன். காத்தால ஒம்பது மணிக்கு ஊட்டு வாசல்ல எடுத்த போட்டோவுல பச்சைப் பாவாடை. பத்து மணிக்கு ஸ்டேஷன்ல எடுத்த வீடியோவுல செவப்புக் கவுன். உங்க கைக்கே பாப்பா இன்னும் வரல, அதுக்குள்ள உடுப்பு மாறியிருக்குது. போன மாசத்துது, அதுக்கு முந்தின மாசத்துது, எல்லாத்தையும் பாத்தேன். எல்லாத் தடவையும் அப்படித்தான். நான் எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வர்றதுக்குள்ள வேற உடுப்பு. இத்தனை நாளும் நீங்க மாத்தறதையே பாத்துட்டு இருந்தேன், எங்கூட்டுல மாத்தறது கண்ணுல படல.

வினிதாவைக் கூப்பிட்டுப் போட்டோவைக் காட்டுனேன். "இது என்ன அம்மிணி?"ன்னேன்.

"நீயும் என்னை வேவு பாக்கறயா?"ன்னா.

"உன்னைப் பாக்கல, அவனைப் பாக்கத்தான் எடுத்தேன். நீ வந்து மாட்டிக்கிட்டே"ன்னேன்.

அப்பறம் நின்னுட்டே அழுதா. கெளம்பற காத்தால உடுப்பு நனையுதாம். அதுக்கு முந்தின ராத்திரி பாயும் நனையுதாம். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால, யாரும் போகாத எடத்துல காயப் போட்டு எடுக்கறா. அம்மாகிட்டத் தண்ணிச் சொம்பு கொட்டிருச்சுன்னு சொல்லிட்டு இருந்திருக்கறா. "அவங்களுக்குத் தெரிஞ்சா தாய்கிட்டப் புள்ளை நல்லா இல்லைன்னு கோர்ட்டுல சொல்லிப் புடுங்கிட்டுப் போயிருவாங்க அண்ணா"ன்னா. உங்க காயிதத்தை எடுத்து அவ கையில குடுத்தேன். சொல்லாதீங்கன்னு ஒரு தடவை எழுதியிருந்தீங்க, அதை மீறிட்டேன். படிச்சா. மடிச்சு என்ற கையில திருப்பிக் குடுத்தா.

இன்னிக்குக் காத்தால பாப்பாவைக் கேட்டேன். மிரட்டாமத்தான் கேட்டேன். "ஏங்கண்ணு, அப்பாவைக் கண்டாப் பயமா?"ன்னேன். இல்லைன்னு தலையாட்டுனா. "அம்மாவைக் கண்டா?" இல்ல. "அப்பறம் என்ன சாமி?"

சொன்னா: "ஸ்டேஷன்ல நடக்கறப்ப நீயும் போனைப் புடிக்கறே, அப்பாவும் போனைப் புடிக்குது. நான் எந்தப் போனைப் பாத்து மாமா நடக்கறது? அப்பாவைப் பாத்துச் சிரிச்சா உன்ற போன்ல உழுந்துரும். உன்னைப் பாத்துட்டே போனா அப்பா போன்ல உழுந்துரும்."

பால் ஊத்தப் போறப்ப ஸ்டேஷன்ல அந்த எடத்துல நடந்து பாத்தேன் மாப்பிள்ளை. டீக்கடையில இருந்து கவுண்டர் வரைக்கும் எனக்கு இருவத்தாறு எட்டு. அவ காலுக்கு அம்பதுக்கு மேல ஆகும். தீ மிதிக்கறவனுக்குக் கூட அவ்வளவு தூரம் குழி வெட்ட மாட்டாங்க.

நான் கையெழுத்துப் போடல. வர்ற இருவதாந்தேதி போன் எடுக்காம வர்றேன். நீங்களும் எடுக்காதீங்க.

தங்கதுரை


10.4.2025
அருள்புரம்

அன்புள்ள மச்சானுக்கு, நலம். நொச்சித்தழை நல்லதாகப் பார்த்துத்தான் பறித்தேன், அம்மா இப்போது வலி குறைந்து நடக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நனைவது வண்டியில் ஏறுவதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனாலும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது உங்கள் வக்கீல் சொல்லி எழுதியதா? நான் போன் இல்லாமல் வந்து, நீங்கள் மட்டும் எடுத்தால்? நான் குழந்தையை ஏதோ செய்தேன் என்று நாளைக்குச் சொன்னால், இல்லை என்பதற்கு என்னிடம் என்ன இருக்கும்? என் வக்கீல் எக்காரணத்தைக் கொண்டும் வீடியோவை நிறுத்தாதே என்கிறார். உங்களை நம்ப வேண்டும் என்று இருக்கிறது. வினிதா என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லையே?

பிரதீப்


16.4.2025
கிணத்துத்தோட்டம்

தேஜுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் அம்மா நடக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். சந்தோஷம்.

நான் என்ன நினைக்கிறேன் என்று அண்ணனைக் கேட்டிருக்கிறீர்கள். நானே எழுதுகிறேன். ஒன்பதாம் தேதி எங்கள் மனு போடவில்லை. வக்கீலம்மாவுக்குக் கோபம். நான் உங்களை நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் பிரிவதிலும் மாற்றமில்லை. அதை நாம் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம்.

தேஜுவைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். நோய் ஒன்றும் இல்லை, யாரும் திட்டக் கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றார். சனிக்கிழமை ராத்திரி பாய் நனைகிறது, ஞாயிறு காலையில் உடுப்பு நனைகிறது. டிசம்பரிலிருந்து மறைத்தேன். நீங்கள் இதைக் கோர்ட்டில் காட்டி அவளைக் கேட்பீர்கள் என்று பயந்து மறைத்தேன். இப்போது என் கையால் எழுதிக் கொடுக்கிறேன். காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள்.

இருபதாம் தேதி பையில் இரண்டு செட் உடுப்பு வைக்கிறேன். நனைந்தால் மாற்றிவிட்டு, நனைந்ததை ஒரு கவரில் போட்டு அப்படியே கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் துவைக்க வேண்டாம், யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொல்லவும் வேண்டாம். பீரோவில் இருக்கிற ஏழில் மஞ்சள் பாவாடை அவளுக்கு இப்போது பற்றாது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கருப்பில் இனித் தைக்காதீர்கள். அவளுக்குப் பிடித்தது கிளிப்பச்சை.

அண்ணன் அன்றைக்கு வரவில்லை. நான் கூட்டி வருகிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். நீங்கள் வீடியோ எடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டீக்கடை ஓரத்தில் நிற்க மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கவுண்டர் வரைக்கும் நடந்து வருகிறேன். அவளுடைய இன்னொரு கையை நீங்கள் பிடித்த பிறகுதான் நான் விடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினிதா